ஃபேப்ரிகேஷன் ஷாப்ல கிரைண்டிங் பண்ற என் வீட்டுக்காரருக்கு காது மந்தமாகுது, டிவி சவுண்ட வருஷா வருஷம் ஏத்திக்கிட்டே போறாரு. சத்தத்துக்குன்னு கம்பெனில கேக்க சட்டம் ஏதாவது இருக்கா?

இருக்கு தங்கச்சி. சட்டத்த அப்பால சொல்றேன். டிவி சவுண்ட வருஷா வருஷம் ஏத்தினே போறாருன்னு எழுதி இருக்கீங்க, கேட்டா "நீ தான் வாய்க்குள்ளயே முனகுற"ன்னு சண்டைக்கு வராருன்னு எழுதல, ஆனா கண்டிப்பா வந்திருப்பாரு. ஏன்னா நானே அப்படித்தான் இருந்தேன், பத்து வருஷம் என் பொண்டாட்டி தான் சரியா பேசலன்னு நம்பினு இருந்தேன்.

ராணிப்பேட்டை சிப்காட்ல ஒரு சின்ன யூனிட், பேர் வேணாம். 1998-ல போனேன், 21 வருஷம். பாய்லருக்கு போற டக்ட் பேனல் செய்வோம். பிளேட்ல ஸ்டிஃப்னர், அதாவது வலுவுக்கு வெக்கற இரும்பு பட்டை, வெச்சு வெல்டிங் அடிச்சா சூட்டுல பிளேட் கோணிக்கும், அத சம்மட்டியால அடிச்சு நிமுத்தணும், அப்பால ஏஜி 7 கிரைண்டர் வெச்சு வெல்ட இழைக்கணும். ஒரே ஷெட்டுல ஆறு கிரைண்டர் ஓடும், மேல தகர கூரை, சத்தம் வெளிய போவாம உள்ளயே சுத்தினு இருக்கும். பக்கத்துல நிக்கறவன கூப்பிட தோள்ல தட்டுவோம், வாயால கூப்பிட்டதே இல்ல. கை நீட்டற தூரத்துல இருக்கறவன் கிட்ட கத்தி தான் பேசணும்னா அங்க சத்தத்தோட அளவு 85 டெசிபல தாண்டிடுச்சுன்னு ஒரு கணக்கு இருக்காம், அது எனக்கு ரிட்டயர் ஆனப்புறம் தான் தெரியும்.

காத மூடற மஃப் குடுக்கலயான்னு கேப்பீங்க. குடுத்தாங்க, ஆடிட் அன்னிக்கு. ஸ்டோர்ல இருந்து மஞ்சள் கலர்ல வரும், சாயங்காலம் எண்ணி திருப்பி வாங்கிப்பாங்க. ஆனா முழு தப்பையும் கம்பெனி தலையில கட்ட மாட்டேன், மத்த நாள்ல குடுத்திருந்தாலும் நாங்க போட்டிருக்க மாட்டோம். நம்மூரு கத்திரி வெயில்ல தகர ஷெட்டுக்குள்ள அத மாட்டினா காது மேல சுடச்சுட இட்லி வெச்சு கட்டுன மாதிரி இருக்கும், உள்ள வேர்வை வழியும். அதனால காட்டன் வேஸ்ட பிச்சு உருட்டி காதுல சொருகிப்போம். அது சும்மா மனசுக்கு தான், சத்தத்த பெருசா ஒண்ணும் தடுக்காது.

வருஷத்துக்கு ஒருதபா மெடிக்கல் செக்கப்பும் நடக்கும். டாக்டர் பின்னால நின்னுனு "உன் பேர் இன்னா"ம்பாரு, நான் சொல்லுவேன், காது நார்மல்னு எழுதிடுவாரு. ஏசி ரூம்ல ஆம்பள குரல் எனக்கு கடைசி வரைக்கும் நல்லா தான் கேட்டுது. போனது மேல் ஸ்தாயி சத்தம். பொம்பளைங்க குரல், குழந்தைங்க குரல், அப்புறம் ச, த, ப மாதிரி எழுத்துங்க. பேசறது கேக்கும், இன்னா வார்த்தைன்னு பிடிபடாது.

இது வெளிய தெரிஞ்சது ஆற்காட்டுல மச்சான் பொண்ணு கல்யாணத்துல. எனக்கு கையெழுத்து நல்லா இருக்கும், அதனால சொந்தத்துல எங்க விசேஷம்னாலும் மொய் நோட்டு என் கிட்ட தான் வரும். அன்னிக்கு மேளம், மைக் செட்டு எல்லாம் சேந்துனு இருக்க, ஒருத்தர் குனிஞ்சு சாரதின்னு சொல்லி இருக்காரு, நான் பாரதின்னு எழுதிட்டேன், 501 ரூபா. இன்னும் ரெண்டு மூணு பேருக்கும் அதே கதி. நோட்ட பாத்துட்டு சாரதி வீட்டுக்காரங்க நாங்க மொய்யே வெக்காத மாதிரி பண்ணிட்டீங்களேன்னு கத்தி, மச்சான் எல்லார் முன்னாலயும் என் கையில இருந்து நோட்ட புடுங்கிக்கினான். அன்னில இருந்து நான் செவிட்டு மாமா. கண்ணாடி மாட்டினவன பாத்து எவனும் சிரிக்கறதில்ல, காதுல மெஷின் வெச்சா மட்டும் சின்ன புள்ளைங்க கூட வாய மட்டும் அசைச்சு காட்டி விளையாடுதுங்க. இத்தன பேசுன அந்த மச்சான் என் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு வெச்ச மொய் 101 ரூபா, நோட்டு இன்னும் பீரோல கீது. சரி அத விடுங்க.

அந்த வருஷமே மழை பெஞ்ச ஒரு ராத்திரி, திண்ணைல உக்காந்துனு இருந்தோம், வீட்டம்மா "இந்த சில்வண்டு இன்னா இரைச்சல் போடுது பாருங்க"ன்னா. எனக்கு ஒண்ணுமே கேக்கல. கடைசியா எப்ப கேட்டேன்னு யோசிச்சா ஞாபகமும் வரல. மறுவாரம் வேலூர்ல ஒரு ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனா. சத்தம் புகாத சின்ன ரூம்ல உக்கார வெச்சு ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டா பட்டன அமுக்குன்னாங்க. நான் சும்மாவே உக்காந்துனு இருந்தேன், இன்னும் ஆரம்பிக்கலன்னு நெனச்சு. கண்ணாடிக்கு அந்தாண்ட டெஸ்ட் எடுத்த பொண்ணு ரெண்டாவது தபா ஒயர செக் பண்ணுச்சு. கிராஃப்ல கோடு கீழ போனா கேக்கறது கம்மின்னு அர்த்தம், எனக்கு நேரா வந்து 4000 ஹெர்ட்ஸ்ல, அதாவது மேல் ஸ்தாயி சத்தத்துல, பள்ளத்துல விழுந்து 8000-ல கொஞ்சம் மேல ஏறி இருந்துது. வயசான காதுல கோடு அப்படியே இறங்கினே போவும், இப்படி விழுந்து எழுந்தா அது பெரும்பாலும் இரைச்சல் பண்ண வேலைன்னு சொல்லுச்சு. வயசானா எல்லாருக்கும் தான் காது போவுதுன்னு வரவங்க இத ஒருதபா படிச்சுட்டு வாங்க. உள்காதுல இருக்கற மயிரிழை செல்லு செத்தா திரும்ப முளைக்காது, மருந்து கிடையாது.

சட்டத்துக்கு வரேன். நான் வக்கீல் இல்ல. ஃபேக்டரி ரூல்ஸ்ல 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் தான் எல்ல. அதுக்கு மேல 5 ஏற ஏற நேரம் பாதியாவும், 95-க்கு 4 மணி, 100-க்கு 2 மணி. கிரைண்டிங் நூற தொடறது சகஜம், கணக்கு நீங்களே போட்டுக்கங்க. இரைச்சலால வர காது கேளாமை 1948 ஃபேக்டரி சட்டத்துலயே மூணாவது அட்டவணைல இருந்துது, அது தெரிஞ்ச டாக்டர் தலைமை தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதணும்னு 89-வது பிரிவு சொல்லிச்சு. அதுக்கு பதிலா 2020-ல நிறைவேறி 2025 நவம்பர்ல அமலுக்கு வந்த புது சட்டத்தொகுப்போட லிஸ்ட்லயும் இருக்கு. ஈஎஸ்ஐல தொழில் நோய் கணக்குல நஷ்ட ஈடும் கேக்கலாம். எனக்கு அது நடக்கல, ஏன்னா காண்ட்ராக்டர் மாறினே இருந்தாங்க, இந்தாளு அந்த வருஷம் எங்க கிட்ட இல்லன்னு ஆளாளுக்கு கைய விரிச்சுட்டாங்க. அதனால உங்க வீட்டுக்காரர் சம்பள சீட்டு, அட்டன்டன்ஸ் போட்டோ எதுவா இருந்தாலும் எடுத்து வெச்சுக்கங்க.

மஃப் வாங்கி குடுத்தா ஆச்சுன்னு கம்பெனி சொன்னா ஒத்துக்காதீங்க. மொதல்ல சத்தத்தையே கொறைக்கணும். எங்க ஷெட்டுல ஒரு ஃபோர்மேன் பழைய கன்வேயர் பெல்ட்ட வெட்டி பிளேட்டுக்கு அடில போட்டாரு, சம்மட்டி அடி விழுந்தா கணீர்னு மணி மாதிரி அடிச்சது தொம்முனு அடங்கிச்சு. செலவு பூஜ்ஜியம். அவரு போனதும் பெல்ட்டும் போச்சு.

அது வரைக்கும் ஃபோம் பிளக். அழுக்கு கையோட தொடாம, மெல்லிசா திரி மாதிரி உருட்டி, இன்னொரு கைய தலைக்கு பின்னால கொண்டாந்து காது மடல மேல இழுத்து சொருகி, அரை நிமிஷம் விரலால அமுக்கினே இருக்கணும். பாதி வெளிய நீட்டினு இருந்தா போட்டதே வேஸ்ட். டீ டைம் முடிஞ்சு பத்து நிமிஷம் மாட்டாம வுட்டாலும் அன்னிக்கு கெடச்ச பாதுகாப்புல ஒரு நல்ல பங்கு போயிடும்.

டெஸ்ட்டு எடுக்கறத திங்கக்கிழம காலைல, ஷிஃப்ட்டுக்கு முன்னாடி வெச்சுக்கங்க. வேலை முடிஞ்ச கையோட போனா காது தற்காலிகமா அடைச்சுனு இருக்கும், கணக்கு தப்பா வரும், ஞாயித்துக்கிழம லீவுல அது தெளிஞ்சுடும். கிராஃப் காப்பி ஒண்ணு கேட்டு வாங்கிக்கங்க. அவரு வர மாட்டேன்னு தான் சொல்வாரு. மழை வுட்ட ராத்திரி திண்ணைல உக்கார வெச்சு சில்வண்டு கேக்குதான்னு கேளுங்க.