சூனியக்காரிகளின் ‘ஏவல் ஆவி’ என்றால் என்ன?

சூனியக்காரி சொன்னதைச் செய்ய பூனை, தேரை, எலி உருவில் ஒரு குட்டிப் பேய் கூடவே இருக்கும் என்று 16, 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நம்பினார்கள். அதுதான் ஏவல் ஆவி. வீட்டோடு தங்கும் வேலையாள் மாதிரி. கூலி மட்டும் பாலும் அவள் ரத்தத்தில் ஒரு சொட்டும்.

ஏன் இப்படி ஒரு நம்பிக்கை? பக்கத்து வீட்டு மாடு செத்தால், நடக்கவே தள்ளாடும் கிழவி அதை எப்படிக் கொன்றாள் என்பதற்குப் பதில் வேண்டுமே! அப்புறம் கோர்ட்டுக்கும் வசதி. உடம்பில் ஒரு மரு இருந்தால் போதும், ஆவி உறிஞ்சிய இடம் என்று சாட்சியாக்கிவிடலாம். 1604ஆம் ஆண்டுச் சட்டப்படி கெட்ட ஆவிக்குத் தீனி போட்டாலே மரண தண்டனை.

கறுப்புப் பூனைதான் ஏவல் ஆவி என்று பலர் நினைப்பது சரியல்ல. 1566இல் இங்கிலாந்தின் செம்ஸ்ஃபோர்டு ஊரில் நடந்த சூனிய வழக்கில் பேசப்பட்ட ‘சாத்தான்’ என்ற ஏவல் ஆவி, புள்ளி போட்ட வெள்ளைப் பூனை.