மெக்கானிக் அண்ணா வரும்வரை காத்திருக்க வேண்டாம்

கேள்வி: அவிநாசி பக்கம் ஒரு கிராமத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் பாதிப் பேர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். ஊரில் ஏழாவது முதல் பத்தாவது வரை படிக்கும் பெண் பிள்ளைகள் 20 பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்ஜினியரிங் பக்கம் ஆர்வம் வரவேண்டும் என்று ஜூன் 23, பெண் பொறியாளர் தினத்தன்று ஒரு விழா நடத்தலாமா என்று யோசிக்கிறோம். சிறப்பு விருந்தினர், பேச்சுப் போட்டி, பரிசு. கையில் 10,000 ரூபாய் இருக்கிறது. இது பயன்படுமா? எங்களில் யாரும் இன்ஜினியர் இல்லை.

பதில்: விழா வேண்டாம் என்று சொல்லமாட்டேன், அதை முதலில் வைக்காதீர்கள், அவ்வளவுதான். சாமியானா, மைக் செட், சால்வை, மதியச் சாப்பாடு என்று போனால் 10,000 ரூபாய் ஒரே நாளில் காலி, பிள்ளைகளுக்கு மிஞ்சுவது ஒரு சான்றிதழும் எவர்சில்வர் கிண்ணமும். ஜூன் 23 என்பது பிரிட்டனின் பெண் பொறியாளர் சங்கம் 1919இல் தொடங்கப்பட்ட தேதி. 2014இல் அவர்கள் அதை ஒரு தினமாகக் கொண்டாட ஆரம்பித்தார்கள், பிறகு உலகம் முழுக்கப் பரவியது. நம் ஊருக்கு அந்தத் தேதி தள்ளிப்போனால் ஒன்றும் குறைந்துவிடாது. எட்டு ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொன்றிலும் இரண்டு மணி நேரம், பிள்ளைகள் கையால் ஏதாவது செய்யட்டும். அப்புறம் விழா வையுங்கள், அதில் அவர்களே பேசட்டும், பெரியவர்கள் உட்கார்ந்து கேட்கட்டும்.

எங்களில் இன்ஜினியர் இல்லை என்கிறீர்கள். சரி, ஆனால் உங்கள் குழுவில் தினமும் எட்டு மணி நேரம் மெஷின் ஓட்டுகிற பெண்கள் இருக்கிறார்களே. ஓவர்லாக், பேட்லாக், பவர் டேபிள் என்று பனியன் தைக்கிற மெஷின் எல்லாவற்றிலும் பெண்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், நூல் கோர்ப்பதும் ஊசி மாற்றுவதும் அவர்களே செய்துகொள்வார்கள், ஆனால் தையல் விட்டுவிட்டு விழ ஆரம்பித்தால் மட்டும் கையை எடுத்துவிட்டு, "மெக்கானிக் அண்ணா வரட்டும்" என்று உட்கார்ந்துவிடுவார்கள். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்று தைக்கிறவருக்கு அந்த அரைமணி நேரம் சம்பளத்தில் போகிறது. அந்த மெஷினை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை, சத்தம் மாறினாலே கண்டுபிடித்துவிடுவார், மூடியைத் திறக்கும் வேலை மட்டும் இன்னொருவருடையது. வீட்டில் இருக்கிற பிள்ளையும் இதைத்தான் பார்த்து வளர்கிறாள். மேடையில் ஒருவர் வந்து "பெண்கள் சாதிக்கலாம்" என்று பேசுவதால் இது மாறாது. மூடியை அவளே திறக்கவேண்டும், அதை அம்மாவும் பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மிக்ஸியில் தொடங்குங்கள். 2011இல் ஆரம்பித்த விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் வந்தவை எத்தனையோ வீட்டுப் பரணில் பழுதாகிக் கிடக்கின்றன, நான்கைந்து கேட்டு வாங்குங்கள். திறப்பதற்கு முன்பே ஒரு பாடம் இருக்கிறது: பெரும்பாலான மிக்ஸியைத் தலைகீழாகத் திருப்பினால் அடியில் சின்ன சிவப்புப் பொத்தான் தெரியும். பாரம் அதிகமாகி மோட்டாருக்குள் கரண்ட் ஏறினால் அது தானாக வெளியே துள்ளி இணைப்பைத் துண்டித்துவிடும், சற்று ஆறவிட்டு உள்ளே அழுத்தினால் மறுபடி ஓடும். இது தெரியாமல் கடைக்குக் கொண்டுபோய்க் காசு கொடுத்துவிட்டு வருகிறவர்கள் ஏராளம். அந்தப் பொத்தானை அழுத்தி, பரணில் கிடந்த மிக்ஸி ஒன்றே ஒன்று ஓடிவிட்டாலும் போதும், அடுத்த வாரம் பிள்ளைகளைக் கூப்பிட நீங்கள் வீடுவீடாகப் போகவேண்டியதில்லை.

ஓடாததை, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறந்து பாருங்கள். சுற்றுகிற உருளையின் செம்புப் பட்டைகளை இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு இரண்டு கரித்துண்டுகள் இருக்கும், கார்பன் பிரஷ் என்பார்கள். தேய்ந்து குட்டையாகிவிட்டால் பட்டையைத் தொடாது, நெருப்புப் பொறி தெறிக்கும் அல்லது மோட்டார் சுத்தமாக நின்றுவிடும். புதிய ஜோடி அதிக விலை இல்லை. பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து ஸ்கேலால் அளக்கச் சொல்லுங்கள். ஜாருக்கு அடியில் மோட்டாரையும் பிளேடையும் இணைக்கிற கப்ளரின் பல் தேய்ந்திருந்தால் மோட்டார் சுற்றும், பிளேடு சுற்றாது, இதையும் காட்டுங்கள். திறந்த நிலையில் எந்த மிக்ஸியையும் ப்ளக்கில் செருகக் கூடாது. மூடி, திருகு எல்லாம் முடுக்கிய பிறகு பெரியவர் ஒருவர்தான் போட்டுப் பார்க்கவேண்டும். பழைய டப்பா டிவி, மைக்ரோவேவ் அடுப்பு, யூபிஎஸ் இவற்றைத் திறக்கவே வேண்டாம், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

அடுத்து ஈபி மீட்டர். எதையும் தொடத் தேவையில்லை, செலவும் இல்லை, எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும், ஒரு யூனிட்டுக்கு (1000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்) எத்தனை சிமிட்டல் என்று மீட்டர் மீதே அச்சிட்டிருப்பார்கள். 3200 என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 75 வாட் பழைய ஃபேன் ஒன்றை மட்டும் போட்டுப் பத்து நிமிடம் எண்ணினால் 40 சிமிட்டல் வரவேண்டும். கரண்ட் குறைவாக இழுக்கிற 30 வாட் பிஎல்டிசி ஃபேன் என்றால் 16தான். 1000 வாட் அயர்ன் பாக்ஸில் ஒரு நிமிடத்துக்கே 53, எண்ணி மாளாது. அதுவும் பெட்டி சூடாகி அதன் விளக்கு அணைந்ததும் சிமிட்டலும் அப்படியே படுத்துவிடும், ஏன் என்று பிள்ளைகளே கேட்பார்கள். சூடு போதுமானதும் கரண்டைத் தானே நிறுத்துகிற தெர்மோஸ்டாட்டைப் பற்றி அப்போது சொல்லுங்கள், அதற்கு முன்னால் சொல்லாதீர்கள். ஏழாவது படிக்கிறவளுக்கு வகுத்தல் தெரிந்தால் போதும், அந்த வீட்டில் எந்தச் சாமான் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று ஒரு தாளில் போட்டு அப்பாவிடம் நீட்டிவிடலாம். கரண்ட் பில் கட்டுகிறவர் அதை ஒதுக்கிவைக்கமாட்டார்.

மிதி தையல் மெஷினும் உங்களிடம் இருக்கும். பெரிய சக்கரம், சின்ன சக்கரம் இரண்டின் சுற்றளவையும் நூல் வைத்து அளந்து, பெரியது ஒரு சுற்று சுற்றினால் எத்தனை தையல் விழும் என்று முதலில் கணக்குப் போட்டுவிட்டுப் பிறகு துணியில் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். பெல்ட் தளர்ந்திருந்தால் கணக்கு ஒத்துவராது, அதுவும் நல்லதுதான், ஏன் என்று தேடுவார்கள். மீதி வாரங்களுக்குச் சைக்கிள், கைப்பம்பு, மேல்நிலைத் தொட்டி என்று ஊரிலேயே வேண்டியமட்டும் கிடக்கிறது.

பசங்களையும் சேர்க்கலாமா என்று யாராவது கேட்பார்கள். சேர்க்கலாம், ஆனால் தனிக் குழுவாக. கலந்து உட்காரவைத்தால் பத்தே நிமிடத்தில் திருப்புளி பையன் கையில் இருக்கும், நோட்டு பெண் கையில் இருக்கும், யாரும் சொல்லித்தந்து நடப்பதில்லை இது.

இனி உங்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள். ஞாயிறு காலை துணி துவைக்கிற நேரமா, தண்ணீர் விடுகிற நேரமா என்று பார்த்து மணியை முடிவு செய்யுங்கள். நடத்துகிற இடத்தில் தாழ்ப்பாள் போடுகிற கழிப்பறை இருக்கவேண்டும். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவேண்டிய பிள்ளை அவர்களையும் கூட்டிவரட்டும், ஒரு பாட்டியை அந்தக் குட்டிகளுக்கென்றே உட்காரவையுங்கள். இதெல்லாம் சில்லறை விஷயமாகத் தோன்றலாம், எனக்குத் தெரிந்து மூன்றாவது வாரம் பிள்ளைகள் வராமல் போவதற்குக் காரணம் எப்போதும் இந்தச் சில்லறைதான்.

சுவரில் யார் படத்தை ஒட்டலாம் என்று யோசித்தால், அ. லலிதாவின் படத்தை ஒட்டுங்கள். 15 வயதில் திருமணம், 18 வயதில் கணவரை இழந்தார், கையில் சில மாதக் குழந்தை. அந்த நிலையில் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் சேர்ந்து 1943இல் முடித்தார், பின்னாளில் கல்கத்தாவில் வேலை செய்தபோது பக்ரா நங்கல் அணைத் திட்டத்துக்கான மின்சார வேலைகளிலும் பங்கெடுத்தார். அவருடைய திறமையைச் சொல்லும்போது ஏற்பாட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்: அப்பா அதே கல்லூரியில் பேராசிரியர், அவர்தான் அனுமதி கேட்டார், குழந்தையைக் குடும்பத்தார் பார்த்துக்கொண்டார்கள், லீலாம்மா ஜார்ஜ், பி.கே. த்ரேசியா என்று இன்னும் இரண்டு பெண்கள் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள், அதனால் விடுதியில் அவர் தனியாள் இல்லை. த்ரேசியா பிற்காலத்தில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

விருந்தினராகப் பெரிய அதிகாரியைத் தேடாதீர்கள். பக்கத்து ஊரில் பாலிடெக்னிக் கடைசி வருடம் படிக்கும் பெண், ஐடிஐ முடித்துவிட்டு சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகம் வெட்டுகிற) மெஷின் ஓட்டுகிறவர், ஈபியிலோ நெடுஞ்சாலைத் துறையிலோ வேலை பார்க்கும் இளம் பொறியாளர், இப்படி ஒருவரைக் கூப்பிடுங்கள். வாழ்க்கை வரலாறு வேண்டாம். எந்த பஸ்ஸில் போனார், விடுதி எப்படி இருந்தது, முதல் சம்பளம் எவ்வளவு, நைட் ஷிஃப்ட் உண்டா, இதைச் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகளை விட அம்மாக்கள்தான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள்.

அதே நாளில் பெற்றோரிடம் பணக் கணக்கையும் பேசிவிடுங்கள், முடிவெடுப்பது அவர்கள்தானே. பத்தாவது முடித்தால் மூன்று வருட டிப்ளமோ, அதன்பின் விரும்பினால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பதினொன்றாவது போகிறவள் கணக்குப் பாடம் இல்லாத குரூப்பை எடுத்துவிட்டால் பி.இ. கதவு கிட்டத்தட்ட மூடிவிடும், இதைப் பத்தாவது ரிசல்ட் வருவதற்கு முன்பே சொல்லவேண்டும். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இன்ஜினியரிங்கில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது, அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே ஏற்கும். அரசுப் பள்ளிப் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், டிப்ளமோவுக்கும் ஐடிஐக்கும்கூட உண்டு. தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇ பெண்களுக்குத் தருகிற பிரகதி உதவித்தொகை வருடத்துக்கு 50,000 ரூபாய், ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்கவேண்டும், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். விண்ணப்பிக்கிற வருடத்தின் விதிமுறையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சாதி, வருமானச் சான்றிதழ்களை எடுத்துவைக்கவும் அன்றே சொல்லிவிடுங்கள், கடைசி வாரத்தில் இ-சேவை மையத்தில் நிற்கிற பாடு வேண்டாம்.

அந்த 10,000 ரூபாயில் பாதி மிஞ்சும் என்றே நினைக்கிறேன். நான்கு செட் திருப்புளி, கட்டிங் பிளேயர், டேப், கரண்ட், வோல்ட் அளக்கிற டிஜிட்டல் மல்டிமீட்டர் நான்கு, ஒரு பூட்டுப் போட்ட பெட்டி, கார்பன் பிரஷ் கொஞ்சம். ரோபோ கிட் விற்கிறவர்கள் நீங்கள் கூப்பிடாமலேயே வருவார்கள், வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். பெட்டிச் சாவி பத்தாவது படிக்கும் ஒரு பிள்ளையிடம் இருக்கட்டும், எடுத்தது, வைத்தது எல்லாம் அவளே நோட்டில் எழுதட்டும். மல்டிமீட்டர் வாங்கும்போது பேட்டரி உள்ளே இருக்கிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள்.