கடைசி நாளில் காலிமுகத்திடலா?

கேள்வி: இன்றுதான் உங்கள் கடைசி நாள் என்று தெரிந்தால் அதை எப்படிக் கழிப்பீர்கள்? நானென்றால் காலிமுகத்திடலில் இறால் வடையைக் கடித்துக்கொண்டு பொழுது சாய்வதைப் பார்த்திருப்பேன்.
– வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டால் ஏன்தான் எல்லோரும் சுற்றுலா கிளம்புகிறீர்கள்? வெள்ளவத்தையில் இருக்கிறீர்கள். ரயில் தண்டவாளத்தைத் தாண்டினால் கடல். பொழுது தினமும்தான் சாய்கிறது, இன்றைக்கே போய்ப் பாருங்கள். இதற்குச் சாக வேண்டியதில்லை.

என் கடைசி நாளில் காலையிலேயே சட்டப் பத்திரங்கள் எழுதும் நொத்தாரிசைத் தேடி ஓடுவேன். மரண சாசனத்துக்கு, அதாவது உயிலுக்கு, அவரும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் என்று 1840ஆம் ஆண்டிலேயே சட்டம் எழுதி வைத்தார்கள். எங்கள் தொடர்மாடியில் என் பெயர் தெரிந்த ஐந்து பேரைப் பிடிப்பதற்குள் உயிர் போய்விடும். அன்று பௌர்ணமி விடுமுறையான போயா தினமாக இருந்தால் இன்னும் மோசம். நொத்தாரிசின் கந்தோர் பூட்டு, இறைச்சிக் கடை பூட்டு, துக்கத்தை ஆற்றச் சாராயக் கடையும் பூட்டு.

அடுத்தது கண்கள். டாக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண் தானச் சங்கம் இங்கே கொழும்பிலேயே இருக்கிறது. 1996இல் காலமான முன்னாள் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவும் கண்களைக் கொடுத்துவிட்டுத்தான் போனார். (அவருடைய அரசியலை இன்னொரு கேள்வியில் பார்ப்போம்.) ஆனால் படிவம் நிரப்பினால் மட்டும் போதாது. உயிர் பிரிந்து சில மணித்தியாலங்களுக்குள் கண்களை எடுக்க வேண்டும். அழுதுகொண்டிருக்கும் வீட்டில் யாராவது ஞாபகமாக டெலிபோன் எடுத்தால்தான் அது நடக்கும். அதை வீட்டாரிடம் இப்போதே சொல்லி வைத்தால் என்ன? சாப்பாட்டு மேசையில் சாவுப் பேச்சா என்று முறைப்பார்கள், முறைக்கட்டும்.

பகைத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கப் போகமாட்டேன். சாகப்போகிறவன் கேட்டால் எவர் இல்லையென்பார்? அது மிரட்டல்.

மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டு ஒரு தூக்கம். அப்புறம் கொட்டாஞ்சேனையில் இருக்கும் அக்காவுக்கு ஒரு கோல். விலைவாசியையும் மருமகளையும் அவ திட்டி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன். என் விஷயத்தைச் சொல்லமாட்டேன். சொன்னால் மிச்ச நேரமெல்லாம் அவவைத் தேற்றுவதிலேயே போய்விடும்.