இரட்சிப்பை இழந்துவிட்டேனா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் எழுத்தைச் சில வருடங்களாக வாசித்து வருகிறேன். நான் சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்தவன். கல்லூரியில் படிக்கும்போது ஒரு வாலிபர் முகாமில் என்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன். இப்போது ஞாயிறு பள்ளியில் வகுப்பு எடுக்கிறேன். போன வருடம் போனில் பணம் கட்டி ரம்மி விளையாட ஆரம்பித்தேன். முதலில் சின்னத் தொகை, அப்புறம் கடன். மனைவியின் நகையை அவளுக்குத் தெரியாமல் அடகு வைத்தேன். அழுது ஜெபித்துவிட்டு நிறுத்துவேன். இரண்டு வாரம் போகும், மறுபடியும் அதே கதை.

சமீபத்தில் ஒரு உபவாசக் கூட்டத்தில் பாஸ்டர் எபிரெயர் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பேசினார். இரட்சிக்கப்பட்ட பிறகு தெரிந்தே பாவம் செய்கிறவனுக்கு இனி மனந்திரும்புதலே கிடையாது, அவன் பெயர் ஜீவபுத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டுவிடும் என்றார். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. நண்பனிடம் சொன்னால், "ஒருதரம் இரட்சிக்கப்பட்டால் எப்போதும் இரட்சிக்கப்பட்டவன்தான், கவலையை விடு" என்கிறான். அதுவும் மனசுக்கு ஒட்டவில்லை. நான்கு மாதமாகத் திருவிருந்து எடுக்கவில்லை. நான் இரட்சிப்பை இழந்துவிட்டேனா? வகுப்பு எடுப்பதை விட்டுவிட வேண்டுமா? பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் இரட்சிப்பை இழந்துவிடவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்கு உங்கள் நண்பர் சொல்லும் காரணம் எனக்கு ஒத்துவராது.

முதலில் எபிரெயர் ஆறு. கூட்டத்தில் கேட்டதோடு விட்டுவிடாமல் அந்த நிருபத்தை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். விசுவாசத்துக்காகத் தங்கள் ஆஸ்தியைக் கொள்ளை கொடுத்தவர்களுக்கு எழுதப்பட்டது அது. பத்தாம் அதிகாரத்தில் அந்தச் செய்தி இருக்கிறது. நெருக்கடி நீண்டுகொண்டே போக, சிலர் சபை கூடிவருவதையே விட ஆரம்பித்திருக்கிறார்கள். கிறிஸ்துவே வேண்டாம் என்று கைகழுவிவிடும் நிலைக்குப் போய்விடாதீர்கள் என்பதுதான் எச்சரிப்பு. "மறுதலித்துப்போனவர்கள்" என்று நிருபத்தை எழுதியவர் சொல்வதும், பத்தாம் அதிகாரத்தில் தேவகுமாரனைக் காலின்கீழ் மிதிப்பதாகச் சொல்வதும் அதைத்தான். விழுந்து, அழுது, எழுந்து, மறுபடி விழுகிறவனைப் பற்றிய பேச்சு அங்கே இல்லை. இவ்வளவு கடுமையாகப் பேசியவர் அதே ஆறாம் அதிகாரத்தின் ஒன்பதாம் வசனத்தில் "பிரியமானவர்களே, நாங்கள் இப்படிச் சொன்னாலும், நன்மையானவைகளும் இரட்சிப்புக்குரியவைகளுமான காரியங்கள் உங்களிடத்தில் உண்டாயிருக்கிறதென்று நம்பியிருக்கிறோம்" என்கிறார். உங்கள் பாஸ்டர் ஒன்பதாம் வசனம் வரை வந்தாரா? நம் ஊர்க் கூட்டங்களில் பெரும்பாலும் எட்டோடு ஜெபத்துக்குப் போய்விடுவார்கள்.

உங்களைத் தூங்கவிடாத கேள்வியைச் சபை ஒரு காலத்தில் மொத்தமாகச் சந்தித்தது. உங்கள் விஷயத்தைவிடப் பெரிய வீழ்ச்சி அது.

கி.பி. 250. ரோமப் பேரரசர் தேசியுஸ் ஒரு கட்டளை போட்டார்: குடிமக்கள் அனைவரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதற்கு அதிகாரிகளிடம் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தச் சான்றிதழ்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவை எகிப்தின் மணலில் பாப்பிரஸ் தாள்களாகக் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் அவுரேலியுஸ் டயோஜெனிஸ் என்ற கிழவரின் விண்ணப்பம் இருக்கிறது. வயது 72, வலது புருவத்தில் தழும்பு. நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பலியிட்டு, பானபலி வார்த்து, படையலில் சாப்பிட்டேன், இதைச் சான்றளியுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நம் தாலுகா ஆபீஸ் மனுவைப் போலவே அங்க அடையாளம் வரைக்கும் இருக்கிறது. அவர் கிறிஸ்தவர் என்று சொல்ல ஆதாரம் இல்லை; முதலைத் தெய்வத்தின் பூசாரிணி ஒருத்திகூட இப்படி ஒரு சான்றிதழ் வாங்கியிருக்கிறாள். ஆனால் ஏராளமான கிறிஸ்தவர்கள் இந்தத் தாளுக்காக வரிசையில் நின்றார்கள் என்பது தெரியும்.

வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் நகரத்தின் பேராயர் சிப்ரியான் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். யாரும் வந்து பிடிப்பதற்கு முன்பே ஜனங்கள் தாங்களாகப் பலிபீடத்துக்கு ஓடினார்களாம். பொழுது சாய்ந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் சொல்லியும், இன்றைக்கே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சினவர்கள் உண்டாம். சிலர் உண்மையாகவே பலியிட்டார்கள். சிலர் தூபம் மட்டும் போட்டார்கள். வசதி உள்ளவர்கள் காசு கொடுத்துத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

உபத்திரவம் தணிந்ததும் இவர்கள் எல்லாரும் திரும்பி வந்து சபை வாசலில் நின்றார்கள்.

உங்கள் நண்பரைப் போன்றவர்கள் அப்போதும் இருந்தார்கள். சிறையில் அடிபட்டும் கிறிஸ்துவை விடாதவர்களுக்குச் சபையில் பெரிய மரியாதை. விழுந்தவர்கள் அவர்களிடம் போய் சிபாரிசுச் சீட்டு வாங்கி வந்தார்கள். ஒரே சீட்டில் "இன்னாரையும் அவரைச் சேர்ந்தவர்களையும் திருவிருந்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருக்கும். சேர்ந்தவர்கள் என்றால் இருபது பேரா, முப்பது பேரா என்று சிப்ரியான் எரிச்சலோடு கேட்கிறார். அழுகை இல்லை, அறிக்கை இல்லை, சீட்டு மட்டும் இருக்கிறது.

உங்கள் கூட்டத்துப் பாஸ்டரைப் போன்றவரும் இருந்தார். ரோமாபுரியில் நொவாத்தியன் என்று ஒரு மூப்பர். சாதாரண ஆள் இல்லை, திரித்துவத்தைப் பற்றி லத்தீனில் அருமையாக எழுதியவர். விழுந்தவன் சாகும்வரை மனஸ்தாபப்படட்டும், தேவன் மன்னித்தால் அது அவருடைய காரியம், சபை அவனைத் திரும்பச் சேர்க்கக் கூடாது என்றார். 251இல் அவருடைய ஆட்கள் அவரைப் போட்டிப் பேராயராகவே ஆக்கிவிட்டார்கள். சிப்ரியான் ஒரு கடிதத்தில் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்தமானது: நிலத்தை நன்றாக உழு, எல்லாப் பாடும் படு, ஆனால் அறுவடை மட்டும் கிடைக்காது என்று விவசாயியிடம் சொன்னால் அவன் ஏர் பிடிப்பானா?

251இல் கார்த்தேஜில் கூடிய பேராயர்கள் இரண்டு பக்கமும் போகவில்லை. தாளை மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்த்துக்கொண்டார்கள். பலியிட்டவர்கள் நீண்ட காலம் மனஸ்தாபத்தில் இருக்க வேண்டும், சாவு நெருங்கினால் திருவிருந்து கொடுத்து அனுப்ப வேண்டும் என்றார்கள். அப்புறம் அடுத்த உபத்திரவம் வரும் அறிகுறி தெரிந்ததும் அந்தக் காத்திருப்பையும் தளர்த்தி, மனஸ்தாபத்தில் நின்றவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். போருக்குப் போகிறவனை நிராயுதபாணியாக அனுப்ப முடியாது என்பது அவர்கள் நியாயம். கிறிஸ்துவையே வாயால் மறுதலித்தவர்களைப் பற்றிய தீர்ப்பு இது என்பதைக் கவனியுங்கள்.

சிப்ரியானும் அந்த உபத்திரவத்தின்போது ஊரைவிட்டுப் போய் ஒளிந்திருந்தவர்தான். அதற்காக வாங்கிய பேச்சு கொஞ்சமல்ல. 258 செப்டம்பரில் அதே நகரத்தில் தலை வெட்டப்பட்டு இரத்தசாட்சியாக மரித்தார்.

நொவாத்தியனின் ஆட்கள் அதற்குப் பிறகும் நெடுங்காலம் இருந்தார்கள். எபிரெயர் ஆறைத்தான் பிற்பாடு ஆயுதமாகத் தூக்கினார்கள். நான்காம் நூற்றாண்டின் கடைசியில் மிலான் பேராயர் அம்புரோஸ் மனந்திரும்புதலைப் பற்றி எழுதியபோது, ஞானஸ்நானத்தைத் திரும்ப எடுக்க முடியாது என்பதைத்தான் அந்தப் பகுதி சொல்கிறது என்று அவர்களுக்குப் பதில் சொன்னார். 325இல் பேராயர்களின் நிசேயா சங்கம் கூடியபோது நொவாத்தியன் கூட்டத்தின் பேராயர் ஒருவர், அக்கேசியுஸ் என்று பெயர், கான்ஸ்டன்டைனிடம் இதே கொள்கையை விளக்கினாராம். பேரரசர் கேட்டுவிட்டு, "அப்படியானால் அக்கேசியுஸே, ஒரு ஏணியை வைத்துக்கொண்டு நீர் மட்டும் தனியாகப் பரலோகத்துக்கு ஏறிக்கொள்ளும்" என்றாராம். ஐந்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் சோக்ரட்டீஸ் சொல்லும் கதை. கான்ஸ்டன்டைனிடம் வேதபாடம் கற்க வேண்டும் என்று சொல்லமாட்டேன், ஆனால் இந்தப் பதில் மட்டும் சரியான பதில்.

சரி, பாவத்தால் இரட்சிப்பை இழக்க முடியுமா, முடியாதா? பிற்காலத்துச் சபைகள் இதில் ஒத்துப்போகவில்லை. 1547இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம், சாவான பாவத்தால் கிருபையை இழக்கலாம், ஒப்புரவு அருட்சாதனத்தால் திரும்பப் பெறலாம் என்றது. 1618–19இல் ஹாலந்தில் டோர்ட் நகரத்தில் கூடிய சீர்திருத்தச் சபையார், தேவன் தெரிந்துகொண்டவர்கள் முற்றுமுடிய விழுந்துபோக மாட்டார்கள் என்றார்கள். அவர்களுடைய அறிக்கையை உங்கள் நண்பர் வாசித்தால் நல்லது. தாவீதையும் பேதுருவையும் பெயர் சொல்லிவிட்டு, இப்படி விழுகிறவர்கள் தேவனை மிகவும் கோபப்படுத்துகிறார்கள், பரிசுத்த ஆவியைத் துக்கப்படுத்துகிறார்கள், மனசாட்சியைக் கொடுமையாகக் காயப்படுத்துகிறார்கள் என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். "கவலையை விடு" என்று ஒரு வரிகூட அதில் கிடையாது. அந்தப் போதனையின் தாய்வீட்டிலேயே இல்லாத சலுகையை உங்கள் நண்பர் கொடுக்கிறார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியோ, விசுவாசி கடைசிவரை விழுந்துபோகவும் கூடும் என்றே போதித்தார்.

உங்கள் சொந்தச் சபையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, வெஸ்லியின் வழியில் வந்த மெதடிஸ்டுகளும், டோர்ட் பக்கம் நிற்கும் பிரெஸ்பிட்டேரியன் வழிவந்தவர்களும் ஒரே சபையானார்கள். இந்தக் கேள்வியில் அவர்களுக்குள் இருநூறு வருட வழக்கு உண்டு. அது தீரட்டும் என்று காத்திருக்காமலே ஒரே பாத்திரத்தில் பங்குபெற்றார்கள். விழுந்தவன் வந்து நின்றால் அவனிடம் என்ன சொல்வது என்பதில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை: அறிக்கையிடு, திரும்பி வா.

என் சாய்வைக் கேட்டால், நான் லுத்தரன் பக்கம். 1530இல் எழுதிய ஆக்ஸ்பர்க் அறிக்கையின் பன்னிரண்டாம் பிரிவு இரண்டு பேரையும் ஒரே இடத்தில் கண்டிக்கிறது: நீதிமானாக்கப்பட்டவன் பரிசுத்த ஆவியை இழக்கவே முடியாது என்பவர்களையும், விழுந்தவனுக்கு மன்னிப்பு இல்லை என்னும் நொவாத்தியர்களையும். "ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை" என்று ஆண்டவர் சொன்னதை முழுசாக நம்புகிறேன். ஒரு மனிதன் வருடக்கணக்கில் மனதைக் கடினப்படுத்தி, கடைசியில் அந்தக் கையே வேண்டாம் என்று போய்விடக்கூடும் என்பதையும் நம்புகிறேன். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று ஒரு வரைபடம் போட என்னால் முடியாது. ஆனால் நகை அடகு வைத்த ஒரு ராத்திரியில் ஒருவன் பிள்ளை என்ற ஸ்தானத்தை இழந்துவிடுவான் என்று வேதத்தில் எங்கேயும் நான் காணவில்லை. பேதுரு மறுதலிப்பதற்கு முன்பே ஆண்டவர், "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன், நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து" என்று சொல்லிவிட்டார்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். பாஸ்டரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், நண்பரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், ஜீவபுத்தகத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மனைவி ஒரே ஒரு வரியில் வந்து போகிறார், அதுவும் நகைக்காக. அவருக்கு இன்னும் தெரியாது என்றுதான் தோன்றுகிறது. நான் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இரட்சிப்பு இருக்கிறதா போய்விட்டதா என்ற கவலையிலேயே ராத்திரி கழிந்தால், அடகு ரசீதை எடுத்து அவர் முன்னால் வைக்கும் வேலை தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தேவனிடம் அறிக்கையிட்டிருக்கிறீர்கள். யாருக்கு விரோதமாகச் செய்தீர்களோ அவரிடம் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. முதலில் அதைச் செய்யுங்கள். அவர் அழுவார், திட்டுவார், அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்பார். கேட்டுக்கொள்ளுங்கள். போனில் இருக்கும் விளையாட்டை அவர் கண் முன்னாலேயே எடுத்துவிடுங்கள், வங்கிக் கணக்கைக் கொஞ்ச காலம் அவர் பொறுப்பில் விடுங்கள். பணம் வைத்து ஆடும் பழக்கம் முற்றினால் அதற்கு மருத்துவமும் உண்டு. மனநல மருத்துவரைப் பார்ப்பதில் விசுவாசக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

அடுத்து, திருவிருந்து. பயபக்தியால் ஒதுங்கியிருப்பதாக நினைக்கிறீர்கள். பவுல் சொல்வதைப் பாருங்கள்: "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்." சோதித்தறிந்து பெஞ்சிலேயே உட்கார்ந்திரு என்று அவர் சொல்லவில்லை. உங்கள் ஆராதனை முறையில் பந்திக்கு முன்னால் பாவ அறிக்கையும் மன்னிப்பின் வார்த்தையும் இருக்கின்றன. பாவிகள் வருவார்கள் என்று தெரிந்தேதான் அந்த முறைமையை எழுதியிருக்கிறார்கள். மனைவியிடம் பேசிய பிறகு ஆயரைப் பாருங்கள், அடுத்த திருவிருந்துக்குப் போங்கள். நான்கு மாதம் ஐந்தாகி, ஐந்து ஒரு வருடமாவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மனது கடினப்படுவது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

ஞாயிறு பள்ளி வகுப்பை நீங்களாக விட்டுவிடவும் வேண்டாம், விடாமல் பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். ஆயரிடம் நடந்ததைச் சொல்லி அவர் தீர்மானத்துக்கு விடுங்கள். கார்த்தேஜ் விவகாரத்திலும் விழுந்த குருமாரை விசுவாசிகளாகத் திரும்பச் சேர்த்தார்கள், பழைய பதவியைக் கொடுக்கவில்லை. அது சபை ஒழுங்கு, இரட்சிப்போடு அதைப் போட்டுக் குழப்பாதீர்கள். சில மாதம் வகுப்பு எடுக்க வேண்டாம் என்று ஆயர் சொன்னால், சரி என்று சொல்லிவிட்டு மனைவியோடு ஆராதனைக்கு மட்டும் போய் வாருங்கள்.