சிங்கப்பூர்–நியூயார்க்: 17 மணி நேரம் ஏன் 18½ ஆகிறது?

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போக டிக்கெட்டில் ஏன் 18½ மணி நேரம் போட்டிருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் 15,350 கி.மீ. தூரத்தை மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்து 17 மணி என்று போட்டிருக்கிறீர்கள். வகுத்தது சரி, தூரம்தான் வேறு.

அந்த 15,350 என்பது பூமி உருண்டையின் மேல் அளந்த மிகக் குறுகிய கோடு. இரு ஊர்களின் தீர்க்கரேகைகளுக்கும் இடையே ஏறக்குறைய 178 பாகை இருப்பதால், அந்தக் கோடு வட துருவத்தை ஒட்டிப் போகும். விமானம் பெரும்பாலும் அப்படிப் போகாது. பசிபிக்கின் மேல் கிழக்கே சுற்றி, மிக உயரத்தில் மேற்கிலிருந்து வேகமாக வீசும் ஜெட் காற்றின் உந்துதலை வாங்கிக்கொள்ளும். தூரம் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். காற்று மாறினால் பாதையும் மாறும். தரையில் ஊர்ந்து செல்லும் நேரமும் டிக்கெட்டில் சேர்ந்தே இருக்கும்.

உங்களை மாட்டிவிடப்போவது தேதிதான். கோடையில் நியூயார்க் 12 மணி நேரம் பின்னால். நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை 13. ஜூலையில் புதன் நண்பகல் கிளம்பி 18½ மணி நேரம் பறந்தால், அங்கே அதே புதன் மாலை 6.30. அன்று இரவு 8 மணிக்கு அங்கே நீங்கள் பிடிக்க நினைத்திருக்கும் பஸ்ஸை தயவுசெய்து மாற்றுங்கள். குடிவரவு வரிசை, பெட்டி, நகரத்துக்குள் போவது எல்லாவற்றுக்கும் மூன்று மணி நேரமாவது விடுங்கள்.

திரும்பும்போது புதன் இரவு 10.30-க்கு ஏறினால், 18¾ மணி கழித்து இறங்குவது வெள்ளி காலை 5.15. வியாழன் வேலைக்கு வருவதாக நீங்கள் அலுவலகத்தில் சொன்னது நடக்காது, இப்போதே விடுப்பு சொல்லிவிடுங்கள்.