தோங்காட் அலி கோப்பி குடித்தால் புராஸ்டேட் வீக்கம் வற்றுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 63 வயது. பட்டர்வொர்த்தில் இருக்கிறேன், லாரி ஓட்டியவன். இரவில் நாலு தடவை சிறுநீருக்கு எழ வேண்டியிருக்கிறது. போய் நின்றாலும் உடனே வராது, வந்தால் நூல் மாதிரி வரும். ஸ்கேனில் புராஸ்டேட் 45 கிராம் என்றார்கள். வயதாகி ஹார்மோன் குறைந்ததால்தான் இப்படி, தோங்காட் அலி என்ற மூலிகை வேர் கலந்த கோப்பி குடி என்கிறார் நண்பர். குடிக்கலாமா? இது புற்றுநோயா?

பதில்: ஐயா, நண்பர் சொன்னதில் பாதி சரி. வயது ஏற ஏற இரத்தத்தில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் மெல்ல இறங்கத்தான் செய்யும். ஆனால் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி தன் வீட்டில் தனிச் சமையல் வைத்திருக்கிறது. உள்ளே இருக்கும் ஒரு நொதி, வந்து சேரும் டெஸ்டோஸ்டிரோனை அதைவிட வீரியமான டிஹெச்டி என்ற ஹார்மோனாக மாற்றிவிடும். வெளியே வரத்து குறைந்தாலும் சுரப்பிக்குள் டிஹெச்டி அவ்வளவாகக் குறைவதில்லை. அதன் தூண்டலில், வாலிபத்தில் 20 கிராம் அளவில் இருந்த சுரப்பி மெல்லப் பெருக்கிறது. சிறுநீர்க் குழாய் அதன் நடுவே போவதால் நெருக்குகிறது.

இந்த நொதி பிறவியிலேயே குறைந்த சிலரை டொமினிக்கன் குடியரசின் கிராமங்களில் கண்டு 1974இல் எழுதினார்கள். அவர்களுக்கு வயதான பிறகும் புராஸ்டேட் சிறிதாகவே இருந்தது. அந்த நொதியை அடக்கும் ஃபினாஸ்டரைட் மாத்திரைக்கு அதுதான் வழிகாட்டியது. அது சுரப்பியைச் சுருக்கும். பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும். டாம்சுலோசின் சுருக்காது, தசையைத் தளர்த்தும். சில நாளிலேயே ஓட்டம் இலகுவாகும். எது வேண்டும் என்பதை உங்களைப் பார்க்கும் டாக்டர் முடிவு செய்யட்டும். 45 என்ற எண்ணைக் கண்டு பயப்பட வேண்டாம். 30 கிராமில் தவிப்பவரும் உண்டு, 70 கிராமில் நிம்மதியாகத் தூங்குபவரும் உண்டு.

தோங்காட் அலி வீக்கத்தை வற்றவைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. என் கவலை வேறு: அந்தப் பெயரில் விற்கும் சில பாக்கெட்டுகளில் சொல்லாமல் சில்டெனாஃபில் (வயாக்ராவில் இருக்கும் மருந்து) கலந்திருப்பது பிடிபட்டிருக்கிறது. டாம்சுலோசினோடு அது சேர்ந்தால் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். வேண்டாம் ஐயா. இரவு பத்து மணிக்கு மாமாக் கடை தே தாரேக்கையும் (ஆற்றிய பால் தேநீர்) விடுங்கள். சளிக்குக் கடையில் வாங்கும் மாத்திரை சிலது சிறுநீரை அடைத்துவிடும், கேட்டு வாங்குங்கள்.

சரி, புற்றுநோய். இந்த வீக்கம் புற்றுநோயாக மாறாது. ஆனால் ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம், அதனால் பிஎஸ்ஏ (புராஸ்டேட்டில் சுரக்கும் ஒரு புரதம்) இரத்தப் பரிசோதனையும், ஆசனவாய் வழியாகச் செய்யும் விரல் பரிசோதனையும் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். வீக்கமே பிஎஸ்ஏவை ஏற்றும். ஃபினாஸ்டரைட் அதைப் பாதியாக இறக்கிக் காட்டும். அதனால் அந்த மாத்திரை சாப்பிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

கிளினிக்குக்குப் போகும் முன் மூன்று நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு போனது என்று ஓர் அளவுக் குவளையில் பிடித்து எழுதி வையுங்கள். இதற்கிடையில் ஒரு சொட்டுகூட வராமல் அடிவயிறு இறுகினாலோ, இரத்தமோ குளிர்காய்ச்சலோ கண்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.