மிக்சியில் அடித்த சோறு

கேள்வி: எனக்கு ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். அம்மாவுக்கு 74 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. சில மாதங்களாக வாய் நாற்றம் தாங்க முடியவில்லை. பேரப்பிள்ளைகள் பக்கத்திலேயே போவதில்லை. பல் விளக்கினால் ரத்தம் வருகிறது, இரண்டு பல் ஆடுகிறது. வயதானால் அப்படித்தான் என்கிறார்கள். சாப்பாட்டுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, எல்லாவற்றையும் மிக்சியில் அடித்து என் மனைவி கொடுத்துவிடுகிறாள். சர்க்கரை மாத்திரையை டாக்டர் இரண்டு தடவை கூட்டியும் குறையவில்லை. நாற்றம் போக எந்த மவுத்வாஷ் நல்லது? (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, அந்த மிக்சி எந்த மாதத்திலிருந்து ஓடுகிறது? நாற்றத்தைப் பற்றி இவ்வளவு எழுதியவர் அதை எழுதவில்லை. தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த ஒரு பொம்பளை, சொதியையும் இஞ்சித் துவையலையும் சோற்றோடு போட்டு அரைத்ததைத் தம்ளரில் வாங்கிக் குடிக்கிறாள் என்றால், வாய்க்குள் என்ன பாடு படுகிறாளோ! முதலில் முறுக்கு வேண்டாம் என்றிருப்பார். பிறகு அவியலில் முருங்கைக்காயை ஒதுக்கியிருப்பார். பிறகு ஒரு பக்கமாகவே மென்றிருப்பார். வீட்டில் ஒருவரும் டார்ச் அடித்து அந்த வாய்க்குள் பார்க்கவில்லை, சோற்றை அரைத்துவிட்டீர்கள். அதற்குப் பெயர் "ஒரு குறையும் வைக்கவில்லை"!

வயதானால் பல் ஆடும் என்று உங்களிடம் சொன்னவர்கள் என்னிடமும் நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். எண்பது வயதில் கரும்பு கடிப்பவர்களும் இதே ஜில்லாவில்தான் இருக்கிறார்கள். பல்லின் மேல் வழுவழுவென்று படிகிற படலம் முழுக்கக் கிருமி. சரியாகத் துலக்காத இடத்தில் அது சில நாளிலேயே காரையாக இறுகத் தொடங்கும், அப்புறம் எந்த பிரஷுக்கும் அசையாது. ஈறு வீங்கிப் பல்லை விட்டு விலகும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் உள்ள பள்ளம் நல்ல வாயில் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும். நோய் முற்ற முற்ற 5, 6 என்று இறங்கும். காற்றுப் புகாத அந்த ஆழத்தில்தான் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற கிருமிகள் குடித்தனம் நடத்துகின்றன. அவை விடுகிற கந்தக வாயுதான் உங்கள் பிள்ளைகளை விரட்டுகிற வாடை. அவற்றோடு உடம்பு போடுகிற சண்டையில், பல்லைப் பிடித்திருக்கிற எலும்பு கரைகிறது. பல் ஆடுவது அதனால்தான்.

மாத்திரை கூட்டியும் சர்க்கரை குறையாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை இறங்க மறுக்கும். ஈறு நோய்க்கு முறையாக வைத்தியம் செய்தாலே மூன்று நான்கு மாதத்தில் ஹெச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனை அளவு, சராசரியாக 0.4 புள்ளி அளவுக்கு இறங்குகிறது. நீங்களோ மிக்சி போட்டு இரண்டு பக்கமும் கெடுக்கிறீர்கள். மெல்லாத வாயில் எச்சில் குறைவாகவே ஊறும், கிருமியைக் கழுவிவிட ஆளில்லை. அரைத்த சோறோ விறுவிறுவென்று ரத்தத்தில் சர்க்கரையாக ஏறும். இந்த வயதில் வாய்க் கிருமி எச்சிலோடு புரையேறி நுரையீரலுக்குப் போனால் நிமோனியாவும் வரலாம்.

மவுத்வாஷ் கேட்டீர்கள். ஹாலந்தில் டெல்ஃப்ட் என்ற ஊரில் லேவன்ஹுக் என்று ஒரு துணி வியாபாரி இருந்தார், தானே கண்ணாடி தேய்த்து நுண்ணோக்கி செய்தவர். தன் பல் அழுக்கில் நெளிகிற உயிர்களைப் பார்த்து 1683-இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானிகள் சங்கத்துக்கு எழுதினார். காடியால் (வினிகர்) வாய் கொப்பளித்தும் பார்த்தார். மேலாக இருந்தவைதான் செத்தன, பல்லிடுக்கில் அடைந்து கிடந்தவை அப்படியே நெளிந்துகொண்டிருந்தன. இன்று கடையில் விற்கிற கலர் தண்ணீருக்கும் கதை அதேதான். காரையைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

சுரண்டினால் பல் ஆடும் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். ஆட்டம் முன்பே இருந்தது, காரை அதை முட்டுக்கொடுத்து மறைத்திருந்தது, அவ்வளவுதான். என் ஆச்சி உமிக்கரியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்ப்பாள். பல் பளிச்சென்று இருந்தது, ஈறு தேய்ந்து வேர் வெளியே தெரிந்தது. உங்கள் அம்மாவுக்கும் அந்தப் பழக்கம் இருந்தால் விடச் சொல்லுங்கள். மென்மையான பிரஷ், காலையிலும் படுக்கப் போகும் முன்பும். கை நடுங்கினால் நீங்கள் துலக்கிவிடுங்கள். உங்களுக்கு அவர் துலக்கிவிட்டவர்தானே?

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அடிப்பதும் மனைவி, கொடுப்பதும் மனைவி. மருமகள் செய்வது அவள் நல்ல மனசு, கடமை மகனுக்கு. ஒரு நாள் லீவு போட்டு, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிப் பல் பிரிவுக்கோ, உங்களுக்குத் தோதான பல் டாக்டரிடமோ நீங்களே கூட்டிப் போங்கள். எல்லாப் பல்லையும் பிடுங்கி செட்டு மாட்டிவிடலாம் என்று நீங்களாக முடிவெடுத்துக்கொண்டு போகாதீர்கள்; எது நிற்கும், எது நிற்காது என்று எக்ஸ்ரே பார்த்து அவர்கள் சொல்லட்டும். மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது சாப்பிட்டால் நீங்களாக நிறுத்த வேண்டாம். பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிட்டால் சிலருக்கு அதனாலேயே ஈறு வீங்கும், அதையும் காட்டுங்கள்.

பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் பக்கம் வலிக்கிறது, எத்தனை நாளாக என்று அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்பார்.